கை முதலா, குரல் முதலா?

"மனித மொழி முதலில் கையசைவாக இருந்து பிறகு வாய்க்கு மாறியதா, அல்லது பாட்டுப் போன்ற குரல் ஏற்ற இறக்கத்திலிருந்து சொற்கள் பிறந்தனவா? குழந்தைகள் பேசுவதற்கு முன்பே விரல் நீட்டிக் காட்டுகிறார்களே, அது முதல் கருத்துக்குச் சான்று ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொழி என்ற ஆற்றல் மனித இனத்துக்கு எப்படி வாய்த்தது என்பது ஒன்று. அது வாய்த்த பிறகு, கையசைவும் தொனியும் மொழிகளுக்குள் புகுந்து இலக்கணமாக எப்படி இறுகுகின்றன என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சான்று குறைவு, கதைகள் ஏராளம். இரண்டாவது நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. பார்த்துப் பதிவும் செய்திருக்கிறார்கள். நான் பேச்சொலியியல் கற்பிப்பவன். குரலின் சுருதியை அளப்பது என் அன்றாட வேலை. சைகை மொழிகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அத்துறையினரின் ஆய்வுகளைப் படித்தும் அவர்களோடு பேசியும் அறிந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சண்டை பழையது. 1746இல் பிரெஞ்சு மெய்யியலாளர் கோந்தியாக், மொழியே கேட்டறியாத இரண்டு குழந்தைகள் தனித்து வளர்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அலறலும் உடலசைவும் கலந்த ஒரு 'செயல் மொழி'தான் முதலில் தோன்றும் என்பது அவர் முடிவு. அவர் இரண்டையும் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 1871இல் டார்வின், துணையைக் கவர்வதற்காக எழுப்பிய இசை போன்ற குரலிலிருந்து பேச்சு வளர்ந்திருக்கலாம் என்று எழுதினார். அதற்குச் சற்று முன்பு, 1866இல், பாரிஸ் மொழியியல் கழகம் மொழியின் தோற்றம் பற்றிய எந்தக் கட்டுரையையும் ஏற்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதிவைத்துவிட்டது. இந்தத் தடையைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. சரிபார்க்க வழியே இல்லாத கதைகளைப் படித்துப் படித்து அலுத்துப்போன மனிதர்கள் எடுத்த முடிவு அது. 1973இல் அமெரிக்க மானிடவியலாளர் கார்டன் ஹ்யூஸ் கைதான் முதல் என்ற கருத்தை மீண்டும் களத்துக்குக் கொண்டுவந்தார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியை ஹேய்ஸ் தம்பதியர் தங்கள் வீட்டில் பிள்ளையைப் போல வளர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். வருடக்கணக்கில் பாடுபட்டும் அதன் வாயிலிருந்து வந்தவை நாலைந்து சொற்கள்தான், அவையும் மூச்சுக்காற்றாகத்தான் வந்தன. 1966இல் நெவாடாவில் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியின் சைகைகளைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அது நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளைக் கற்றுக்கொண்டதாகப் பதிவு செய்தார்கள். அதை மொழி என்று அழைக்கலாமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நான் அழைக்க மாட்டேன். ஆனால் வாய் மறுத்ததைக் கை ஓரளவு செய்தது என்பதில் ஐயமில்லை. காட்டில் வாழும் சிம்பன்சிகளும் அப்படித்தான். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் அவற்றைத் தொடர்ந்து பதிவு செய்த கேத்தரின் ஹோபைட்டரும் ரிச்சர்ட் பைர்னும் 60க்கும் மேற்பட்ட சைகை வகைகளைப் பட்டியலிட்டார்கள். ஒரு சிம்பன்சி கையை நீட்டும், எதிரில் இருப்பது தன்னைப் பார்க்கிறதா என்று கவனிக்கும், பதில் வராவிட்டால் மறுபடியும் முயலும். ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும்.

குரங்குகளின் குரலை மட்டமாக எடைபோடவும் கூடாது. கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் எழுப்புகின்றன என்பது 1980இலேயே காட்டப்பட்டது. குரலை ஒலிபெருக்கியில் போட்டாலே போதும், சிறுத்தைக் குரலுக்கு மரமேறும், கழுகுக் குரலுக்கு மேலே பார்க்கும், பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று தரையைத் துழாவும். ஆனால் அந்தக் குரல்களின் வடிவம் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. நம் மூளையில், குரல்வளையை ஆளும் நரம்பணுத் திரளுக்கு, மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து நேரடி இணைப்பு இருக்கிறது. குரங்குகளில் அது இல்லை, அல்லது மிகவும் மெலிந்தது. நினைத்தபடி சுருதியை ஏற்றி இறக்க நம்மால் முடிவதற்கு இது முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.

'கைதான் முதல்' என்ற கருத்தின் பலவீனமான இடம் வேறு. கை அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால், பிறகு ஏன் வாய்க்கு மாற வேண்டும்? இருட்டில் கை தெரியாது, கையில் கருவி இருக்கும், குழந்தையைத் தூக்க வேண்டும் என்று காரணங்கள் அடுக்குவார்கள். அவை நியாயமானவையே. ஆனால் காது கேளாதோரின் சைகை மொழிகள் கவிதை முதல் கணக்குப் பாடம் வரை அனைத்தையும் கையாலும் முகத்தாலும் செய்துகாட்டுகின்றன. கைக்கு எந்தக் குறையும் இல்லை. 1990களில் இத்தாலியின் பார்மா நகரில் ரிஸொலாத்தி குழுவினர் மக்காக் குரங்கின் மூளையில் கண்டறிந்த 'கண்ணாடி நரம்பணுக்கள்' கையிலிருந்து வாய்க்கு ஒரு பாலத்தைக் கட்டிவிடும் என்று பலர் நம்பினார்கள். தான் ஒன்றைப் பிடிக்கும்போதும் பிறர் பிடிப்பதைப் பார்க்கும்போதும் தூண்டப்படும் அணுக்கள் அவை. மனித மூளையின் பேச்சுப் பகுதியான புரோக்கா பகுதிக்கு ஒப்பான இடத்தில் இருக்கின்றன. கண்டுபிடிப்பு உண்மை. ஆனால் அதன்மேல் ஏற்றிய சுமை அதிகம். அந்த அணுக்களை வைத்துக்கொண்டு மக்காக் குரங்கு இன்றுவரை பேசவில்லையே.

குரல் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே நிலம் கொஞ்சம் உறுதியானது. பறவைகளும் பாலூட்டிகளும் மிரட்டும்போது தாழ்ந்த கரகரப்பான ஒலியையும், பணிந்துபோகும்போது உயர்ந்த மெல்லிய ஒலியையும் எழுப்புகின்றன என்று 1977இல் யூஜின் மார்ட்டன் காட்டினார். பெரிய உடலுக்குக் குரல் தாழ்வு என்பதால், தாழ்ந்த குரல் 'நான் பெரியவன்' என்று அறிவிக்கிறது. ஒலியியலாளர் ஜான் ஓஹாலா இதை மனிதப் பேச்சுக்கு நீட்டினார்: கேள்வி கேட்பவர் எதிராளியின் தயவை நாடுபவர், அதனால் குரல் உயர்கிறது; உறுதியாகச் சொல்பவருக்குத் தாழ்கிறது. அழகான விளக்கம். உலகின் பெரும்பாலான மொழிகளில் கேள்வி உயர்ந்து முடிவதும் உண்மை. ஆனால் மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் பல மொழிகளில் கேள்வி தாழ்ந்து, இறுதி உயிர் நீண்டு முடிகிறது என்று அனி ரியாலான் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே உடலிலிருந்து வந்த ஒரு சாய்வு இருக்கிறது, அதை மீறவும் மொழிகளால் முடிகிறது. இதற்கு மேல் ஓஹாலாவின் கருத்தை இழுத்தால் அறுந்துவிடும்.

கிட்டத்தில் ஒன்றைப் பாருங்கள். தமிழர் கதை கேட்கும்போது உம் கொட்டுவார்கள். வாய் மூடியிருக்கிறது, நாக்கு அசையவில்லை, உயிரெழுத்து இல்லை. இருப்பது மூக்கு வழியே வரும் ஒரு 'ம்' மட்டும். அதைச் சற்றுத் தாழ்த்திக் குறுக்கினால் 'சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன்'. கீழிருந்து மேலே ஏற்றினால் 'என்ன சொன்னாய்?'. நடுவில் பள்ளம் விழுந்து எழுந்தால் 'அப்படியா சங்கதி'. இரண்டாக வெட்டி நடுவில் ஒரு மூச்சை நுழைத்தால் 'இல்லை'. தட்டையாக நீட்டினால் யோசனை. இதை வகுப்பில் பதிவு செய்து சுருதிக் கோட்டைத் திரையில் காட்டுவேன். அந்தச் சிறிய 'ம்'மில் ஒரு முழு உரையாடல் நடக்கிறது. இன்னொன்றையும் மாணவர்கள் தாமாகவே கவனித்துவிடுவார்கள். 'என்ன?' என்னும் 'ம்'முக்குப் புருவமும் முகவாயும் கூடவே மேலே போகும். அவற்றை அசையாமல் பிடித்துவைத்துச் சொல்லச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். குரல் ஏறும்போது முகமும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. தொனியே ஒரு வகைச் சைகைதான் என்று மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் நெடுங்காலம் வாதிட்டது இதைப் பார்த்துத்தான்.

கையா குரலா என்ற பிரிப்பே பிழை என்று நான் நினைப்பதற்கு அண்மைய சான்றுகளும் உண்டு. விம் பாவ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை ஒரே உயிரொலியைச் சீராக நீட்டிக்கொண்டே மணிக்கட்டையோ கையையோ வீசச் சொன்னார்கள். குரலைச் சீராக வைக்க அவர்கள் முயன்றும் ஒவ்வொரு வீச்சின்போதும் சுருதியும் வலுவும் சற்றே எகிறின. கையை வீசினால் உடற்பகுதித் தசைகள் இறுகுகின்றன, நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் மாறுகிறது, அது குரலில் பதிகிறது. அந்த ஒலியை மட்டும் கேட்டவர்கள், ஆளைப் பார்க்காமலே, அதே தாளத்தில் தங்கள் கையை அசைக்க முடிந்தது. மறுபுறம், ஹான்ஸ் ருட்கர் போஸ்கரும் டேவிட் பீட்டர்ஸும் 2021இல், எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும் டச்சுச் சொற்களை எடுத்துக்கொண்டு, கையைத் தட்டும் கணத்தைச் சற்றே நகர்த்தினால் கேட்பவருக்கு அழுத்தம் வேறு அசையில் விழுந்ததாகத் தோன்றுகிறது என்று காட்டினார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்கள் பேசும்போது கையசைக்கிறார்கள், எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தும் அசைக்கிறார்கள் என்பது 1998இலேயே வெளிவந்த முடிவு. யாரையும் பார்த்துக் கற்ற பழக்கமாக அது இருக்க முடியாது. ஒரே உடலின் ஒரே முயற்சி, இரண்டு வழிகளில் வெளிவருகிறது.

அப்படியானால் மொழி எங்கே தொடங்குகிறது? இதற்குத்தான் நிகராகுவாவைப் பார்க்க வேண்டும். 1977 வரை அந்நாட்டில் காது கேளாத குழந்தைகள் பெரும்பாலும் அவரவர் வீட்டில் தனித்தே இருந்தார்கள். வீட்டாரோடு மட்டும் செல்லுபடியாகும் சைகைகள் அவர்களிடம் இருந்தன. அந்த ஆண்டில் மனாகுவா நகரில் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு விரிவடைந்து நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் புரிந்துகொள்ளக் கற்பித்தார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. பள்ளி பஸ்ஸிலும் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்த சிறுவர்கள் அதை மூத்தவர்களிடமிருந்து எடுத்து மேலும் செதுக்கினார்கள்.

ஆன் செங்காஸ், சோத்தாரோ கீத்தா, அஸ்லி ஓஸ்யுரெக் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கார்ட்டூனில் பூனை ஒரு கனமான பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டு போகிறது. அதை விவரித்த, ஸ்பானிஷ் பேசுபவர்கள் பேச்சோடு கையையும் சுழற்றிக்கொண்டே சரித்து இறக்கினார்கள். உருள்வதும் இறங்குவதும் ஒரே அசைவு. மனாகுவா பள்ளியில் முதலில் சேர்ந்த அணியைச் சேர்ந்த காது கேளாதோரும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த அணியினரோ அதை இரண்டாக வெட்டினார்கள்: முதலில் 'உருள்' என்று ஒரு சுழற்சி, அடுத்து 'கீழே' என்று ஒரு கோடு. நடந்ததைப் போலக் காட்டுவது முதல் வழிதான். உலகில் எந்தப் பூனையும் முதலில் உருண்டுவிட்டுப் பிறகு இறங்குவதில்லை. ஆனால் வெட்டிய பிறகுதான் 'உருண்டு மேலே', 'குதித்துக் கீழே' என்று துண்டுகளை மாற்றிக் கோக்க முடிகிறது. பெரியவர்கள் யாரும் சொல்லித்தராமல் சிறுவர்களே இதைச் செய்தார்கள். என் பதிலின் மையம் இதுதான். தொடர்ச்சியாக ஓடும் அசைவையும் குரலையும் துண்டுகளாக அறுத்து, துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியபோது மொழி தொடங்கியது. அறுபடாமல் மிஞ்சியதைத்தான் இன்று கையசைவு, தொனி என்று அழைக்கிறோம்.

சைகை மொழிகளுக்கும் தொனி உண்டு; அது முகத்திலும் தலையிலும் தாளத்திலும் இருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் அல்-சய்யித் என்ற, பெதூயின் எனப்படும் அரபுப் பாலைநில மக்களின் ஊரில் பரம்பரைக் காது கேளாமை தோன்றி, சில தலைமுறைகளுக்குள் ஊருக்கென்றே ஒரு சைகை மொழி உருவாயிற்று. கேட்கும் திறன் உள்ளவர்களும் அதைப் பேசுகிறார்கள். அதன் சொல்வரிசை, சுற்றிலும் வழங்கும் அரபு, எபிரேய மொழிகளைப் போல இல்லாமல், நம் தமிழைப் போல எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று அமைந்திருப்பதை வெண்டி சாண்ட்லரும் அவர் குழுவினரும் 2005இல் அறிவித்தார்கள். பிறகு அவர்கள் கவனித்தது என் துறைக்கு இன்னும் நெருக்கமானது. மூத்தவர்கள் துண்டு துண்டான சிறு தொடர்களாகப் பேசுகிறார்கள். இளையவர்களிடம் 'இப்படி நடந்தால்' என்ற பகுதியையும் 'இது நடக்கும்' என்ற பகுதியையும் முகபாவமும் தலையசைவும் இணைக்கின்றன. வாக்கியத்தோடு வாக்கியத்தைக் கட்டும் சொல் பிறப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொனி செய்துவிடுகிறது.

பேச்சு மொழிகளிலும் இதே அறுப்பு நடந்திருக்கிறது. வியட்நாமிய மொழிக்கு முன்பு சுருதி வேறுபாடு இல்லை என்றும், சொல்லிறுதி மெய்கள் தேய்ந்து மறைந்தபோது அவை குரலில் விட்டுச்சென்ற ஏற்ற இறக்கமே பொருள் வேறுபடுத்தும் சுருதியாயிற்று என்றும் பிரெஞ்சு மொழியியலாளர் ஓத்ரிக்கூர் 1954இல் விளக்கினார். வடக்கத்தி வியட்நாமியத்தில் இன்று ஆறு சுருதிகள். பஞ்சாபியில் நடந்தது நமக்கு இன்னும் பக்கத்தில். மூச்சுக்காற்றோடு சேர்ந்து ஒலித்த பழைய மெய்கள் மறைந்ததால், 'கோடா' என்று நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் சொல் சுருதி தாழ்ந்தால் குதிரை, சமமாக இருந்தால் சாட்டை, உயர்ந்தால் தொழுநோயாளி. இவை மொழியின் தோற்றத்தைப் பற்றிய சான்றுகள் அல்ல, மொழி தோன்றி நெடுங்காலம் கழித்து நடந்தவை. உடலின் தற்செயலான ஒரு நடுக்கத்தைத் தலைமுறைகள் விதியாக்கிவிட முடியும் என்பதைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

தமிழ் இலக்கணிகள் இதன் ஓரத்தைத் தொட்டிருக்கிறார்கள். எழுத்து ஒன்றாகவே இருந்தும் பொருள் இரண்டாகும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்கிறது தொல்காப்பியப் புணரியல். 'செம்பொன்பதின்றொடி' என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். எங்கே நிறுத்தி எங்கே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது செம்பொன் பத்துத் தொடி, அல்லது செம்பு ஒன்பது தொடி. ஒரே எழுத்துக்கோவையில் உலோகமும் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது. விரலைச் சுட்டுவதும் அப்படியே இலக்கணத்துக்குள் வந்திருக்கிறது. அந்த, இந்த என்ற சுட்டுச் சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றிலிருந்துதான் அவன், இவள் போன்ற பெயர்களும், பிரெஞ்சு போன்ற மொழிகளில் பெயருக்கு முன் வரும் சார்புச் சொல்லும் வளர்ந்தன. சைகை மொழிகளில் சுட்டுவிரலே நேராக 'நான், நீ, அவர்' ஆகிவிட்டது.

இனி ஐயமானவை. கையசைவோ குரலோ பாறையில் பதிவதில்லை. எலும்புகள் தரும் குறிப்பு மறைமுகமானது. நீண்ட மூச்சில் பேச, நெஞ்சுத் தசைகளை ஆளும் நரம்புகள் தடித்திருக்க வேண்டும். அதற்கேற்ப முதுகெலும்பின் கால்வாய் அகன்றிருக்கும். 1984இல் கென்யாவில் கிடைத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான 'துர்க்கானா சிறுவன்' எனப்படும் ஆதி மனிதனின் எலும்புக்கூட்டில் அந்தக் கால்வாய் குறுகலாகவும், நியாண்டர்தால் மனிதரிடம் நம்மைப் போலவும் இருப்பதாக மக்லார்னனும் ஹியூவிட்டும் 1999இல் எழுதினார்கள். நீண்ட, ஏறி இறங்கும் குரல் இந்த இரண்டுக்கும் இடையே எங்கோ வந்தது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சிறுவனின் முதுகெலும்பு இயல்பானதுதானா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஓர் எலும்புக்கூட்டை நம்பி நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கடைசியாக உங்கள் குழந்தைச் சான்று. சுமார் ஒரு வயதில் குழந்தை விரல் நீட்டுகிறது. ஒரு சொல்லும் ஒரு சுட்டலும் சேர்ந்த கூட்டு, இரண்டு சொல் தொடருக்கு முன்பு வருகிறது என்பதும் நன்கு பதிவாகியிருக்கிறது. ஆனால் 'எது முன்பு வருகிறதோ அதுவே மூலம்' என்ற அளவுகோலை எடுத்தால் வெல்வது கையல்ல, குரல். கருப்பையில் சொற்கள் தெளிவாகக் கேட்காது, தாழ்ந்த அதிர்வுகளும் ஏற்ற இறக்கமும் கேட்கும். பிறந்து மூன்று நாளுக்குள்ளேயே சிசு தன் தாயின் குரலைத் தேர்ந்து கேட்கிறது என்று 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். பிரெஞ்சுச் சிசுக்களின் அழுகை ஏறியும் ஜெர்மன் சிசுக்களின் அழுகை இறங்கியும் ஒலிப்பதாக 2009இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. அதன் அளவீட்டு முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு, நானும் அதை ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். எப்படியிருந்தாலும், இந்தக் குழந்தைகள் அனைவரும் ஏற்கெனவே மொழி நிறைந்த வீட்டில் பிறந்தவர்கள். ஆதி மனிதக் குழந்தைக்கு அந்த வீடு இல்லை. உங்கள் கேள்விக்கு ஓரளவாவது பொருந்தும் குழந்தைகள், காது கேளாமல் பிறந்து, சைகை மொழி தெரியாத பெற்றோரிடம் வளர்பவர்கள். சூசன் கோல்டின்-மெடோ அமெரிக்காவிலும் தைவானிலும் அத்தகைய குழந்தைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தாய்மார் காட்டும் சைகைகளில் இல்லாத ஓர் ஒழுங்கான வரிசை அந்தக் குழந்தைகளின் சைகைகளில் இருந்தது. இரு நாட்டுக் குழந்தைகளிடமும் அது ஒத்துப்போனது. அவர்களும் இன்றைய மனித மூளையோடு பிறந்தவர்களே என்பதால், அந்த மூளை எப்படி வாய்த்தது என்பதற்கு அவர்களிடமிருந்தும் விடை கிடைக்காது. மொழியே கேளாத மூளை எதை முதலில் அறுக்கத் தொடங்குகிறது என்பது மட்டும் அவர்களிடம் தெரிகிறது.